சென்னைக்குக் குடிபோக வேண்டாம், முதலில் பாப்பாவின் காதைப் பாருங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களைப் போலவே இருக்கிற மற்ற வீடுகளுக்கும் இது உதவட்டும். விருதுநகர் பக்கம் ஊர். மகளுக்கு ஐந்து மாதம். பிறந்த சில வாரங்களிலேயே குரோமோசோம் பரிசோதனை செய்து டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது, என்று சொல்லிவிட்டார்கள். கணவருக்குத் திருப்பூரில் வேலை, நீங்களும் மாமியாரும்தான் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறீர்கள். மாமியார் “வளர வளர எல்லாம் சரியாயிடும்” என்கிறார். ஒரு தனியார் மையத்தில் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி, சென்சரி தெரபி எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ், கூடவே ஸ்டெம் செல் ஊசி என்று பெரிய தொகை சொல்லி, “மூணு வயசுக்குள்ள செய்யலேன்னா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது” என்று அனுப்பியிருக்கிறார்கள். நகையை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விடலாமா, ஐந்து மாதம் வீணாகிவிட்டதா, எப்போது நடப்பாள், பேசுவாளா, அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நகையை விற்க வேண்டாம். ஊசி வேண்டவே வேண்டாம். ஐந்து மாதம் வீணாகவில்லை. பாப்பா உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், குரல் கேட்டால் திரும்புகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது நீங்கள் பேசிப் பேசிக் கொஞ்சியதால் வந்தது. அதுவும் பயிற்சிதான்.

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். ஆனாலும் தெரபியைப் பற்றிப் பேசும் முன் வேறு சில விஷயங்களைக் கேட்டாக வேண்டும், ஏனென்றால் இந்தக் குழந்தைகளுக்கு உடம்பில் சரிசெய்யக்கூடிய ஒரு குறை கவனிக்கப்படாமல் இருந்தால் எந்தத் தெரபியும் ஏறாது. காது அடைத்திருக்கும் குழந்தைக்கு ஸ்பீச் தெரபி கொடுத்து என்ன பயன்? தைராய்டு குறைவாக இருக்கும் குழந்தை தூங்கித் தூங்கி விழுந்தால், “டவுன் குழந்தைன்னா இப்படித்தான்” என்று வீட்டிலும் சொல்வார்கள், சில சமயம் மருத்துவமனையிலும் சொல்வார்கள். அந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 1983-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயது, இன்று சுமார் 60. இதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: இதயக் குறையை நேரத்தோடு அறுவை சிகிச்சை செய்து சரிசெய்தார்கள், குழந்தைகளை விடுதிகளில் தள்ளாமல் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். புதுசாக ஒரு மருந்து வந்து நடந்த மாற்றம் இல்லை இது.

இதயம்: எக்கோ எடுத்ததில் சின்ன ஓட்டை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும். பெரிய ஓட்டையாக இருந்தால் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே அறுவை சிகிச்சை தேவைப்படலாம், தள்ளிப்போட்டால் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி அப்புறம் அறுவை சிகிச்சையே செய்ய முடியாமல் போகும். உங்கள் மகளுக்கு அந்த நிலை இல்லை. ஆனால் பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, குடிக்கக் குடிக்க மூச்சு வாங்குவது, எடை ஏறாமல் நிற்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் தேதிக்காகக் காத்திருக்காமல் போய்விடுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால்கூட முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்ய வழி இருக்கிறது, அதற்கும் நகை தேவையில்லை.

தைராய்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பிறந்தபோது பார்த்திருந்தால் 6 மாதத்தில் மறுபடி, 12 மாதத்தில் மறுபடி, அப்புறம் வருஷம் ஒருமுறை. ஒரு ரத்தப் பரிசோதனைதான்.

காதைப் பற்றி எழுதியிருப்பது எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. “பிறந்தப்ப மெஷின் வச்சுப் பார்த்தாங்க, பாஸ்னு சொன்னாங்க” என்கிறீர்கள். இந்தக் குழந்தைகளுக்குக் காதின் துளை மிகக் குறுகல், அழுக்கு அடைத்துக்கொள்ளும், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும், வலிக்காது, சீழும் வராது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிறந்தபோது நன்றாகக் கேட்ட குழந்தைக்கு எட்டாம் மாதத்தில் பாதி கேட்காமல் இருக்கலாம். அதனால் 6 மாதத்தில் ஒருமுறை காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டி, தூங்கும் குழந்தைக்கும் காது கேட்கிறதா என்று மெஷினில் பார்க்கும் பெரா பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணையும் அதே சமயத்தில் பார்த்துவிடுங்கள், கண்புரை, மாறுகண், கிட்டப்பார்வை, தூரப்பார்வை எல்லாம் இவர்களுக்கு அதிகம், சின்னக் கண்ணாடி போட்டதும் எட்டி எட்டிப் பொருளை எடுக்கத் தொடங்கிய குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன்.

பாப்பாவைத் தூக்கினால் துவண்டு வழுக்கிக்கொண்டு போவது மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தசையின் இறுக்கம் குறைவு, மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் தளர்வு, கை கால்கள் கொஞ்சம் குட்டை. இந்த மூன்றும் சேர்ந்துதான் அவள் உட்காரவும் நடக்கவும் தாமதமாகிறது. தாமதமானாலும் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் உட்காருகிறார்கள், நடக்கிறார்கள். உட்காருவது சராசரியாகப் பத்து மாதம் வாக்கில், நடப்பது சராசரியாக இரண்டு வயது வாக்கில், ஆனால் சில குழந்தைகள் ஒன்றே கால் வயதில் நடக்கும், சில குழந்தைகளுக்கு மூன்று, நான்கு வயதுகூட ஆகும், இரண்டுமே இயல்புதான். எந்த மாதத்தில் நடக்கிறாள் என்பதைவிட எப்படி நடக்கிறாள் என்பதில்தான் பிசியோதெரபியால் நிறையச் செய்ய முடியும். விட்டுவிட்டால் இந்தக் குழந்தைகள் தளர்ந்த மூட்டுகளை வைத்து ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள்: தொடையைத் தவளை மாதிரி அகட்டிப் படுப்பார்கள், முதுகை வளைத்து உட்காருவார்கள், முட்டியைப் பின்னால் பூட்டிக்கொண்டு நிற்பார்கள். அது பழகிவிட்டால் பத்து வயதில் பாதமும் முட்டியும் வலிக்கும், கொஞ்ச தூரம் நடந்தாலே களைத்துப்போவார்கள்.

அதனால் இப்போதே செய்ய வேண்டியது, குப்புறப் போடுவது. முதலில் உங்கள் நெஞ்சின் மேல், நீங்கள் சாய்ந்து படுத்துக்கொண்டு, அவள் தலையைத் தூக்கி உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். அப்புறம் பாயில், பழைய வேட்டியை உருட்டி மார்புக்குக் கீழே வைத்து, முன்னால் நீங்களோ பாட்டியோ படுத்துப் பேச வேண்டும், அழுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மூன்று நிமிடம், நாலு நிமிடம், ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும். பால் குடித்த உடனே வேண்டாம். மல்லாந்து படுக்கும்போது தொடைகள் அகண்டு விழாமல் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வையுங்கள். இடுப்பில் வைத்துத் தூக்கினால் கால்கள் ரொம்ப அகலும், இப்போதைக்கு அவளை வெளியே பார்க்கும்படி உங்கள் மார்போடு சாய்த்து, இரண்டு தொடையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிப் பழகுங்கள், கழுத்தும் முதுகும் வேலை செய்யும், தெருவையும் பார்ப்பாள்.

தூளியில் மணிக்கணக்கில் போடுகிறீர்கள் என்று எழுதியதைப் படித்தேன். தூளியை அவிழ்க்கச் சொல்ல மாட்டேன், உங்களுக்கும் சமையல் இருக்கிறது, தூக்கம் இருக்கிறது. ஆனால் விழித்திருக்கும் நேரம் முழுக்கத் தரையில் இருக்கட்டும். தூளிக்குள் உடம்பு வளைந்தே கிடக்கும், கால் உதைக்க எதிர்ப்பு இருக்காது, பார்க்கவும் ஒன்றும் இருக்காது.

அடுத்தது குளிப்பாட்டுவது. ஊரில் குளிப்பாட்ட வருகிற பாட்டி எண்ணெய் தேய்த்து, கையைக் காலைக் குறுக்கே இழுத்து, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறுகிறார், தசை இறுகும் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் தேய்க்கட்டும், மெதுவாகத் தடவட்டும், அது குழந்தைக்குப் பிடிக்கும், தொடுவதும் பேசுவதும் நல்லது. இழுப்பதும் உதறுவதும் இன்றோடு நிற்க வேண்டும். இந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்வாக இருக்கும், வேகமாக ஆட்டினால் தண்டுவடத்தில் அடிபடலாம். வளர்ந்த பிறகும் குட்டிக்கரணம் போடுவது, டிராம்போலினில் குதிப்பது கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அந்தப் பாட்டிக்கு வருத்தம் வரும்தான். “டாக்டர் கழுத்தைப் பத்திரமாப் பிடிக்கச் சொல்லிட்டாங்க” என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

இதே மாதிரி, பின்னால் யாராவது மணலில் குழி தோண்டி இடுப்பளவு நிற்க வைத்தால் சீக்கிரம் நடப்பாள் என்பார்கள், வட்டமான வாக்கர் வாங்கி வந்து தருவார்கள். இரண்டும் முட்டியைப் பூட்டி நிற்கத்தான் பழக்கும். பழைய மர நடைவண்டி இருக்கிறதே, தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு அதைத் தள்ளி நடக்கலாம், வண்டி வேகமாக ஓடிவிடாமல் அதில் ஏதாவது பாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. ஸ்பீச் தெரபி என்றால் மூன்று வயதில் வார்த்தை சொல்லிக்கொடுப்பது என்று நினைக்கிறார்கள், அதன் முதல் வேலை வாய்க்குள் நடக்கிறது. நாக்கு பெரிது என்று பலர் சொல்வார்கள், பெரும்பாலும் நாக்கு சாதாரண அளவுதான், வாயின் அறை சின்னது, நாக்கின் தசை தளர்வு, அதனால் வெளியே வந்து நிற்கிறது. நீங்கள் இன்னும் சங்கில் படுக்க வைத்தே பால் புகட்டுகிறீர்கள் என்றால் அதை மாற்றுங்கள். படுத்த நிலையில் பால் காதுப் பக்கமும் மூச்சுக்குழல் பக்கமும் போகும், உதடும் நாக்கும் எந்த வேலையும் செய்யாது. தலையை நிமிர்த்தி, மடியில் உட்கார்ந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முடிந்து கூழ் தொடங்கும்போது, தட்டையான சின்னக் கரண்டியை நாக்கின் நடுவில் வைத்து லேசாகக் கீழே அழுத்துங்கள், அப்புறம் காத்திருங்கள், மேல் உதடு தானாக இறங்கி வந்து கரண்டியைத் துடைக்கும். நாம் அவசரப்பட்டு மேல் ஈறில் வழித்துவிடுகிறோம், அதனால் உதடு மூடப் பழகுவதே இல்லை, பின்னால் ‘ப’, ‘ம’ வருவதற்கு அந்த உதடு மூடுவதுதான் வேண்டும். பல்லில்லையே என்று இரண்டு வயது வரை மிக்ஸியில் அடித்தே ஊட்டாதீர்கள், எட்டு, ஒன்பது மாதத்தில் கொரகொரப்பாகப் பிசைந்தது, அதன் பிறகு மெதுமெதுவாகக் கடிக்கக்கூடியது என்று போக வேண்டும். தொடங்கும்போது ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் காட்டிப் பழகிக்கொண்டால் நல்லது, பாலோ கூழோ விழுங்கும்போது அடிக்கடி இருமினால் கட்டாயம் காட்ட வேண்டும். பேச்சு வர நாக்கில் வசம்பும் தேனும் தேய்ப்பதை விட்டுவிடுங்கள், ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் தேன் கொடுக்கக் கூடாது, அதில் உயிருக்கே ஆபத்தான ஒரு கிருமி நச்சு வரலாம்.

பேசுவாளா என்றால், பெரும்பாலான குழந்தைகள் பேசுகிறார்கள். முதல் வார்த்தை இரண்டு வயது வாக்கிலோ அதற்குப் பிறகோ வரலாம், உச்சரிப்பு தெளிவில்லாமல் இருக்கலாம். ஆனால் அவளுக்குப் புரிவது, அவளால் சொல்ல முடிவதைவிட எப்போதும் ஒரு படி மேலே இருக்கும். புரிந்தும் சொல்ல முடியாத குழந்தைதான் அழும், அடிக்கும், பொருளைத் தூக்கி எறியும், அதைப் பிடிவாதம் என்போம். அதனால் ஏழு, எட்டு மாதத்திலிருந்தே வாயால் சொல்லும்போது கையாலும் காட்டுங்கள்: வா, தா, பால், போதும், இன்னும், டாட்டா. வீட்டில் எல்லாரும் ஒரே சைகையைக் காட்ட வேண்டும், அப்பா வீடியோ காலில் பேசும்போதும்தான். கையால் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், வார்த்தை வந்ததும் சைகையைக் குழந்தைகள் தாமாகவே விட்டுவிடுவார்கள். கையசைத்துப் பாடும் பாட்டு எத்தனை பாட்டிக்குத் தெரியுமோ அத்தனையும் பாடட்டும்.

இன்னொன்று, இவர்களுக்குக் காதால் கேட்டதை மனதில் வைத்துக்கொள்வது கடினம், கண்ணால் பார்த்தது நன்றாகப் பதியும். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத்தில் சூ பக்லி என்ற உளவியலாளர் 1980-களில் இதை வைத்துத்தான் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து, வாசிப்பின் வழியாகப் பேச்சு வளர்வதைக் காட்டினார். உங்கள் மகளுக்கு இரண்டரை, மூன்று வயதாகும்போது அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக ஒப்பிக்க வைக்காமல், அவள் முகம் உள்ள போட்டோவுக்குக் கீழே அவள் பெயர், அம்மா, அப்பா, பால், பந்து என்று முழு வார்த்தையாகப் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் வார்த்தை என்று உட்கார்ந்தால் அவள் வார்த்தைக்கு வந்து சேரவே மாட்டாள்.

இப்போது அந்தப் பேக்கேஜ். ஐந்து மாதக் குழந்தைக்கு ஒரே நாளில் நான்கு தெரபிஸ்ட் தேவையில்லை, அவள் களைத்துப்போவாள், அவ்வளவுதான். இந்த வயதில் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, அடுத்த இரண்டு வாரத்துக்கு என்ன செய்வது என்று உங்கள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆக்குபேஷனல் தெரபியின் வேலை அவள் உட்கார்ந்து இரண்டு கையும் விடுபட்ட பிறகு அதிகமாகும், பொரியை இரண்டு விரலால் பொறுக்குவது, மாவைப் பிசைவது, டம்ளரைப் பிடிப்பது என்று. எந்த மையத்தில் குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு அம்மாவை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்துகிறார்களோ அங்கே போகாதீர்கள். அமெரிக்காவில் டேல் உல்ரிச் குழு 2001-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது: டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளை வீட்டில் சின்ன டிரெட்மில்லில் பிடித்து நிறுத்தி, ஒரு நாளைக்கு 8 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் கால் எடுத்து வைக்க விட்டார்கள், டிரெட்மில் பயிற்சி இல்லாத மற்ற டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளைவிட மூன்று மாதம் முன்பே நடந்தார்கள். குழந்தையைப் பிடித்து நின்றவர்கள் பெற்றோர்தான். நான் டிரெட்மில் வாங்கச் சொல்லவில்லை, தினமும் கொஞ்ச நேரம், வீட்டில், விடாமல் செய்தால் என்ன நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்டெம் செல் விஷயத்தில் தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்கிறேன், அது பணம் பறிப்பது. கூடுதல் குரோமோசோம் அவள் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது, ஊசி போட்டு அதை எடுக்க முடியாது. ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, ஆய்வாகச் செய்வதானால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. மூளை டானிக், பெரிய விலை வைட்டமின் பாக்கெட் எல்லாமும் வேண்டாம். “மூணு வயசுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது” என்பதும் பொய். சீக்கிரம் தொடங்குவது நல்லது, அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன், ஆனால் இந்தக் குழந்தைகள் பத்து வயதிலும் இருபது வயதிலும் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள். அதோடு இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும்: எவ்வளவு தெரபி கொடுத்தாலும் டவுன் சிண்ட்ரோம் போகாது, அறிவு வளர்ச்சியில் ஓரளவு குறை இருக்கும், பெரும்பாலும் லேசானதிலிருந்து மிதமானது வரை. உங்கள் மாமியார் சொல்வது மாதிரி எல்லாம் “சரியாயிடாது”, ஆனால் வளருவாள்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், டி.இ.ஐ.சி. என்றால் தெரியும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது, டவுன் சிண்ட்ரோம் அதன் பட்டியலிலேயே இருக்கிறது, பரிசோதனையும் தெரபியும் இலவசம். கூட்டமாக இருக்கும், காத்திருக்க வேண்டும், அதையும் தெரிந்துகொண்டு போங்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமங்களில் வீட்டுக்கே பணியாளரை அனுப்பி அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை நடத்துகிறது, உங்கள் பகுதிக்கு வருவார்களா என்று விசாரியுங்கள். சென்னைக்கு ஒருமுறை போய் முழுமையாகப் பார்த்துவிட்டு வர ஆசை என்றால், தி.நகரில் சிறப்புக் குழந்தைகளுக்கான மதுரம் நாராயணன் மையமும் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனமும் இருக்கின்றன, போய்விட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். அங்கே வாடகை வீட்டில் நீங்களும் குழந்தையும் தனியாக, பேச ஆளில்லாமல் இருப்பதைவிட, பாட்டியும் தெருக்குழந்தைகளும் இருக்கும் உங்கள் வீடு அவள் வளர்ச்சிக்கு நல்லது.

ஒரு வயது நிறைந்ததும் மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் யு.டி.ஐ.டி. என்ற தேசிய அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். அது கிடைத்த பிறகு மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. மாநில அரசின் மாதப் பராமரிப்புத் தொகைக்கு என்ன தகுதி என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சான்று வாங்கினால் பெயர் கெட்டுவிடும் என்று வீட்டில் யாராவது தடுத்தால் கணவரைப் பேசச் சொல்லுங்கள்.

கணவரைப் பற்றி எழுதும்போது “அவர் பாப்பாவைத் தூக்கப் பயப்படுறார்” என்றீர்கள். அடுத்த முறை வரும்போது குப்புறப் போடும் வேலை முழுக்க அவருடையது என்று விட்டுவிடுங்கள், நெஞ்சில் படுக்க வைத்துக்கொண்டால் போதும், பயம் தானாகப் போகும். நீங்கள் ராத்திரி அழுவதாக எழுதியதையும் படித்தேன். தினமும் அப்படி இருந்தால், சாப்பிடப் பிடிக்கவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று ஆனால், அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு எந்த அம்மாவுக்கும் வரும், மருந்து உண்டு, தாய்ப்பாலை நிறுத்தாமலே எடுக்கக்கூடியதும் உண்டு.

கடைசியாக, அடுத்த குழந்தை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் 47, எக்ஸ்எக்ஸ், +21 என்று இருக்கிறது. தனியாக ஒரு 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக இருக்கிற வகை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்கு இதுதான். இது உங்கள் சாப்பாட்டாலோ, கிரகணத்தாலோ, சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலோ வந்ததில்லை. இந்த வகையில் உங்களுக்கும் கணவருக்கும் குரோமோசோம் பரிசோதனை தேவையில்லை, அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவில், அம்மாவின் வயது கூடினால் கொஞ்சம் கூடும். ரிப்போர்ட்டில் டிரான்ஸ்லொகேஷன், அதாவது கூடுதல் குரோமோசோம் வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கிறது, என்று எழுதியிருக்கும் வீடுகளில் மட்டும் அப்பா அம்மா இருவருக்கும் பரிசோதனை அவசியம். அடுத்து கருத்தரித்தால் மூன்றாம் மாதத்திலேயே மரபணு ஆலோசகரிடம் போங்கள், பாப்பாவின் இந்த ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு.